வீட்டு ஸ்டீரியோவுக்கு எத்தனை வாட் தேவை?

செஞ்சியை அடுத்த அனந்தபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஆடித் திருவிழா என்றால் மைக் செட் இல்லாமல் நடவாது. மரக்கிளையில் கட்டிய கூம்புக் குழாயிலிருந்து வரும் பாட்டு அடுத்த ஊர் வரை கேட்கும். இதைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் வீட்டுக்கு ஸ்டீரியோ அமைக்க விரும்பும்போது முதலில் கேட்கும் கேள்வி, “எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம்?” என்பதுதான். சேமித்த பணத்தை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் பேருந்து ஏறுமுன், இக்கேள்விக்கு இயற்பியல் கூறும் விடையை அறிந்துகொள்வது நல்லது.

திறன் பெருக்கி என்ன செய்கிறது?

கைப்பேசியோ பாட்டுப் பெட்டியோ தரும் மின்குறி மிகவும் சிறியது. அதன் மின்னழுத்தம் ஒரு வோல்ட் அளவில் இருக்கலாம். ஆனால் ஒலிபெருக்கியின் கம்பிச் சுருளை அசைக்கும் மின்னோட்டம் அதனிடம் இல்லை. அந்த மின்னோட்டத்தைத் தருவதே திறன் பெருக்கி, அதாவது பவர் ஆம்ப்ளிஃபயர். அது ஆற்றலைப் புதிதாக உண்டாக்குவதில்லை. மின்வழங்கியிலிருந்து ஆற்றலைப் பெற்று, சிறிய மின்குறியின் வடிவத்திற்கேற்ப ஒலிபெருக்கிக்கு அளந்து விடுகிறது. வாய்க்காலின் மதகைச் சிறு கைப்பிடியால் திறந்து மூடுவது போன்றது இது. ஏரியில் இல்லாத நீரை எந்த மதகாலும் தர இயலாது.

ஒரு கணக்குப் போடுவோம்

ஒலியின் அளவை டெசிபலில் குறிக்கிறோம். திறன் இரு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். அப்போதுதான் நம் செவிக்கு ஒலி ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். ஆகவே 20 வாட்டுக்குப் பதில் 40 வாட் பெருக்கி வாங்கினால் ஒலி இரு மடங்காகாது. சற்றே கூடியதாக மட்டும் தெரியும்.

ஒலிபெருக்கிக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளக்கும் ஒலியளவே அதன் உணர்திறன். வீட்டு ஒலிபெருக்கி ஒன்றுக்கு இது 87 டெசிபல் என்று கொள்வோம். தொலைவு இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஆகவே 2 மீட்டரில் 81 டெசிபல். இரண்டு ஒலிபெருக்கிகள் சேர்ந்தால் 3 கூடி, 84 டெசிபல். சுவர்களின் எதிரொலிப்பு இதைச் சற்று உயர்த்தவே செய்யும். அதை விட்டுவிடுவோம்.

1 மீட்டர் தொலைவில் சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். பாட்டை நிறைவாகக் கேட்க 75 டெசிபல் போதும். அதாவது 84-ஐ விட 9 டெசிபல் குறைவு. திறனில் எட்டில் ஒரு பங்கு. ஆக, ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் சராசரியாக 1/8 வாட்தான் தேவை!

ஆனால் இசை ஒரே அளவில் ஒலிப்பதில்லை. மிருதங்கத்தின் ஓர் அடி சராசரியை விட 20 டெசிபல் வரை மேலெழக்கூடும். 20 டெசிபல் என்பது நூறு மடங்கு. 1/8 வாட்டின் நூறு மடங்கு 12½ வாட். எனவே சிறிய அறைக்குப் பக்கத்திற்கு 15 முதல் 20 வாட் உண்மையான திறன் இருந்தால் தாராளம்.

ஆயிரம் வாட் எங்கிருந்து வரும்?

“1000 வாட் பி.எம்.பி.ஓ.” என்று அட்டையில் அச்சிட்ட சிறு பெட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பி.எம்.பி.ஓ. என்பதற்கு உறுதியான அளவீட்டு முறையே கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். வாட்டையே கேளுங்கள்.

அத்தகைய பெட்டியில் 12 வோல்ட், 3 ஆம்பியர் மின்மாற்றி இருப்பதாகக் கொள்வோம். பெருக்கினால் 36. இதற்கு மேல் தொடர்ந்து திறன் வராது. வெப்பமாக வீணாவது போக ஏறத்தாழ 20 வாட் மிஞ்சும். மின்தேக்கியில் சேர்த்து வைத்த ஆற்றல் உதவாதா? 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 16 வோல்ட் இருந்தால் ஆற்றல் ½CV², அதாவது சுமார் 0.6 ஜூல். அதைக்கொண்டு 1000 வாட் கொடுத்தால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட நீடிக்காது. இந்தக் கணக்கைக் கடைவாசலிலேயே எவரும் போடலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நம் கடைகளில் நெடுங்காலமாக விற்கும் 4440 ஐ.சி. பலகை பக்கத்திற்கு 6 வாட் தரும். பாலம் முறையில் இணைத்தால் 19 வாட் தரும், ஆனால் அது ஒரே பக்கம். ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும். கற்றுக்கொள்ள இது ஏற்றது. டி.டி.ஏ. 2030 பலகையும் ஏறத்தாழ 12 வாட் தரும்.

இவை ஏ.பி. வகுப்பைச் சேர்ந்தவை. பெறும் ஆற்றலில் கணிசமான பகுதி வெப்பமாவதால் பெரிய அலுமினிய வெப்பத்தகடு கட்டாயம். டி வகுப்புப் பெருக்கிகள் டிரான்சிஸ்டரை முழுமையாகத் திறந்தும் மூடியும் வேலை செய்வதால் 90 விழுக்காடு வரை திறமையுடையவை. டி.பி.ஏ. 3116 இவ்வகை ஐ.சி. அது பக்கத்திற்கு 50 வாட் தரும் என்பது 21 வோல்ட் மின்வழங்கியும் 4 ஓம் ஒலிபெருக்கியும் இருந்து, பத்து விழுக்காடு உருத்திரிபை ஏற்றுக்கொண்டால்தான். 12 வோல்ட் கொடுத்துவிட்டு 50 வாட்டை எதிர்பார்ப்பது வீண்.

ஓம் அளவையும் கவனியுங்கள். 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம் ஆகும். மின்னோட்டம் இரு மடங்காகும். 8 ஓமுக்கென அமைத்த பெருக்கி இதில் சூடேறிக் கெடலாம்.

மைக் செட் ஆம்ப்ளிஃபயரைப் பழைய விலைக்கு வாங்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். அது நெடுந்தொலைவுக்குப் பேச்சைக் கொண்டுசெல்ல அமைந்தது. பெரும்பாலும் ஒற்றை வழி மட்டுமே உடையது. ஸ்டீரியோ முறையில் பதிவாகி 1978இல் வெளிவந்த ‘ப்ரியா’ படப் பாடல்களை அதில் போட்டால், இடப்பக்க வயலினும் வலப்பக்க கிட்டாரும் ஒன்றாகக் கலந்துவிடும்.

செவிக்கும் உயிருக்கும் காப்பு

சிறிய பெருக்கியை அதன் எல்லைக்கு மேல் திருகினால் அலையின் முடியும் அடியும் வெட்டுப்பட்டுச் சதுரமாகும். பாட்டு கரகரக்கும், சராசரித் திறன் கூடி ஒலிபெருக்கியின் மெல்லிய உச்ச ஒலிச் சுருள் எரிந்துபோகும். கரகரப்புக் கேட்டவுடன் ஒலியைக் குறையுங்கள்.

85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்பது செவிக்குத் தீங்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இந்நேரம் பாதியாகிறது. 94 டெசிபலில் ஒரு மணி நேரமே எல்லை. இழந்த செவித்திறன் திரும்ப வருவதில்லை. அண்டை வீட்டாரையும் நினைக்க வேண்டும்: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல்.

நீங்களே பெட்டி கட்டினால் 230 வோல்ட் நுழையும் இடத்தில் ஃபியூஸ் வையுங்கள். உலோகப் பெட்டியை மூன்று முனைச் செருகியின் நில இணைப்புடன் சேருங்கள். அந்த வீட்டுச் செருகுவாயில் நில இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள்.

எனவே கடைக்குச் செல்லும்போது மூன்றைக் கேளுங்கள்: ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு? எத்தனை ஓமில்? எத்தனை வோல்ட் மின்வழங்கியில்? ஆம்ப்ளிஃபயரில் மிச்சப்படும் பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்குச் செலவிடுங்கள். பாட்டின் தரம் பெரிதும் அதைப் பொறுத்ததே. சிவப்பு, கருப்பு முனைகளை இரு பக்கமும் ஒன்றுபோல் இணைத்து, ஒலிபெருக்கிகள் இரண்டும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணமாக அமையும்படி அமர்ந்து கேளுங்கள்.