தேடி நடக்க ஏற்ற பருவம் எது?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் அன்பர்களிடம் "நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம். முதல் வாரம் பலரும் நடக்கின்றனர். அடுத்த வாரம் நடை குறைகின்றது. மறுபரிசோதனைக்கு வரும்போது பெரும்பாலும் நின்றே போயிருக்கும். காரணம் கேட்டால், "சும்மா போய்ச் சும்மா வருவதில் என்ன இருக்கிறது?" என்கின்றனர். அதில் நியாயம் இருப்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். ஆகவே, ஒன்றைத் தேடிக்கொண்டு நடக்கும் நடையைப் பற்றியும், அதற்கு நம் நீடாமங்கலம் வட்டாரத்தில் ஏற்ற பருவம் எது என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறோம்.

இந்தத் தேடும் நடைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ஜியோகேச்சிங். செயற்கைக்கோள் வழி இடம் காணும் கருவிகளில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் இட்டுக் காட்டோரத்தில் வைத்தார். அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் இணையத்தில் அறிவித்தார். சில நாள்களுக்குள் அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு வைக்கப்பட்டுள்ளன. கண்டெடுப்பவர் குறிப்பேட்டில் பெயரும் நாளும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

இடம் காணும் வேலைக்கும் தஞ்சைத் தரணிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1802இல் சென்னையில் தொடங்கிய பெரும் நில அளவையை நடத்திய வில்லியம் லாம்டனுக்கு, நம் சமவெளி பெரும் சோதனையாக அமைந்தது. ஏறி நின்று பார்க்கக் குன்றுகள் இல்லை. தோப்புகள் பார்வையை மறைத்தன. எனவே கோயில் கோபுரங்களையே அளவை நிலையங்களாகக் கொண்டார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள அளவைக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. வாரக்கணக்கில் அமர்ந்து அதை அவரே செப்பனிட்டார். அன்று அந்தக் கருவி செய்த வேலையை இன்று சட்டைப்பையிலுள்ள கைப்பேசி செய்துவிடுகின்றது. எனினும், திறந்த வெளியில்கூட அது சுமார் 5 மீட்டர் முன்பின்னாகவே இடத்தைக் காட்டும். மூங்கில் தோப்புக்குள் பிழை இன்னும் கூடும். அந்த ஐந்து மீட்டரைக் கண்ணால் தேட வேண்டும். மருத்துவர் என்ற முறையில் எங்களுக்கு அச்சம் தருவதும் அந்த ஐந்து மீட்டரே. பொந்திலும் சுவர் இடுக்கிலும் கைவிடும் ஆசை அங்கேதான் தோன்றுகின்றது. கையை விடாதீர்கள். கோலால் தட்டி, விளக்கு அடித்துப் பார்த்த பிறகே எடுங்கள்.

உலகப் பட்டியலில் பதிவான பெட்டி வேண்டும் என்பதில்லை. பேரப்பிள்ளை ஒரு சிறு டப்பாவில் குறிப்பேடு வைத்து, உரியவரின் அனுமதியோடு ஒரு தோப்பு ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் வைத்துவிட்டு, இடத்தை வாட்ஸ்அப்பில் தாத்தாவுக்கு அனுப்பினால் போதும். தின்பண்டம் வைக்கலாகாது; எலி வரும், எலியின் பின்னே பாம்பு வரும். ரயில் பாதை, பாலம், மதகு ஆகியவற்றின் அருகிலும் கோயிலுக்குள்ளும் கேட்பாரற்ற டப்பா வைப்பது வீண் பீதியை உண்டாக்கும். அத்தகைய இடங்களுக்குக் கேள்வியே போதும். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் எந்த ஆறு எந்தத் திசையில் திரும்புகின்றது என்று கேட்டு அனுப்புங்கள். பார்த்து வந்து விடை சொல்லட்டும்.

இனிப் பருவத்துக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை. வரப்பு வழுக்கும், நடவு வயலில் நீர் நிற்கும். அந்த நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி உட்புக அதுவே வழியாகும். இப்பருவத்தில் தேடும் நடையை விட்டுவிடுவதே நலம்.

மார்கழி அழகான மாதம். வடுவூர் ஏரி நிறைந்து, கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கூடியிருக்கும் காலம் அது. 1999இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஏரி, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏரிக்கரையில் நின்று பறவை எண்ணுவதற்கு எங்களிடமிருந்து தடை எதுவும் இல்லை. ஆனால் புதர் விலக்கித் தேடுவதற்கு மார்கழி ஏற்றதன்று. மழை விட்ட பின் தழைக்கும் புல்லிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் இருக்கும். அவை கடிப்பதால் வருவது ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சல். தமிழகத்தில் மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட மாதங்களிலேயே இது மிகுதி. கடித்த இடம் வலிப்பதில்லை. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கரும் பொருக்கு மட்டும் தோன்றலாம். சிலருக்கு அதுவும் தோன்றாது. காய்ச்சல் வருவது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து. அதற்குள் நடந்த இடம் மறந்துபோயிருக்கும். சாதாரணக் காய்ச்சல் என்று கடையில் மாத்திரை வாங்கி ஒரு வாரம் கழிந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படக்கூடும். தொடக்கத்திலேயே அறிந்துகொண்டால் விலை குறைந்த, எளிதில் கிடைக்கும் மருந்துகளே இதைக் குணப்படுத்தும். இங்கேதான் அந்தக் குறிப்பேடு பயன்படுகின்றது. எந்த நாளில் எந்தத் தோப்பில் தேடினீர்கள் என்பதை வீட்டிலும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். காய்ச்சல் வந்தால் அத்தாளோடு வாருங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் அணிந்து செல்வதும், திரும்பியதும் உடையை மாற்றிச் சோப்பிட்டுக் குளிப்பதும் நல்ல காப்பு.

தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும். கதிர் சாய்ந்த வயலில் எலிகளும் அவற்றைத் தேடும் பாம்புகளும் இடம்பெயரும். அறுவடை முடியும் வரை ஊர்ச் சாலையிலேயே நடங்கள். தப்பித் தவறிப் பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுதல், கீறுதல், உறிஞ்சுதல் எதுவும் வேண்டாம். கடிபட்ட கை கால் அசையாமல் 108 ஊர்தியில் நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு வருவது ஒன்றே வழி.

எங்களுக்கு மிகவும் பிடித்த பருவம் மாசியும் பங்குனியின் முற்பாதியும் ஆகும். வயல் காய்ந்திருக்கும், நெல் தாளுக்கிடையே விதைத்த உளுந்தும் பயறும் பச்சை கட்டியிருக்கும். நெடுந்தூரம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். எதிரே வரும் பாம்பையும் மாட்டையும் முன்கூட்டியே காணலாம். கைப்பேசியும் திறந்த வெளியில் சரியாக இடம் காட்டும். உளுந்தை மிதிக்காமல் வரப்போடு நடப்பது ஒன்றே உழவர் உங்களிடம் வேண்டுவது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். இழைப்பு உள்ளவர்கள் பனி விலகி, ஏழரை மணி வெயில் ஏறிய பிறகே புறப்பட வேண்டும். இதய சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவரின் இசைவோடு, உடன்வருபவரிடம் பேசிக்கொண்டே நடக்க முடியும் வேகத்தில் நடக்கலாம். பேச மூச்சு போதவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் அங்கேயே உட்கார்ந்து உதவி கோருங்கள். பெட்டி அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இப்பருவத்தில் ஒரே எதிரி கருவை முள். உணர்வு குறைந்த பாதத்தில் செருப்பைத் துளைத்து ஏறிய முள் தெரிவதில்லை. வீடு வந்ததும் வெளிச்சத்தில் உள்ளங்காலை வீட்டார் யாரேனும் பார்க்கட்டும்.

சித்திரை, வைகாசியில் வேண்டாம். அக்கினி நட்சத்திர நாள்களில் காலை எட்டு மணிக்கே வெயில் கடுமை. நீர் பிரிய மாத்திரை உட்கொள்பவர்களுக்கு மயக்கம் வர அதிக நேரம் ஆகாது.

ஆனி பிறக்கும்போது நிலைமை மாறும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுகின்றது. 2022இல் மே 24 அன்றே திறந்தனர், 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே இப்பருவத்தை நாள்காட்டியில் குறிப்பதை விட, கல்லணை திறந்த செய்தியைக் கேட்டுக் குறிப்பதே சரி. காய்ந்த ஆற்றுக்குள் எதையும் ஒளித்து வைக்காதீர்கள். வைத்ததை எடுக்கப் போகும்போது தண்ணீர் வந்துவிடும். வெண்ணாற்றில் புதுநீர் வரும் நாளில் மாலை ஐந்து மணிக்கு மேல், வீட்டார் துணையோடு கரைச் சாலையில் நடந்து, மூணாறு தலைப்பைத் தள்ளி நின்று பார்த்து வாருங்கள்.