கட்டாயத்தால் மருந்து இறங்குமா?

சென்ற வருடம் நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். என்னோடு ரயில்வே கேரேஜ் பிரிவில் வேலை பார்த்த திருநெல்வேலி நண்பர் என்னைத் தனியே அழைத்துப்போனார். "அண்ணாச்சி, லண்டன்ல கோர்ட்டு உத்தரவு போட்டு வீட்டுல இருக்கவனுக்கே மருந்து குடுக்காங்களாமே, இங்க அப்படி ஏதும் உண்டா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

அவருடைய மூத்த மகனுக்குப் பத்து வருடங்களாக மனச்சிதைவு நோய். மாத்திரை சாப்பிட்டால் நன்றாக இருப்பான். நன்றானதும் நிறுத்திவிடுவான். சில மாதங்களில் மறுபடி ஆஸ்பத்திரி. வேறு வழியின்றி அவன் தாயார் மாத்திரையைப் பொடித்துக் காலைக் காப்பியில் கலந்து கொடுத்து வந்தார். ஒருநாள் டம்ளரின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை அவன் பார்த்துவிட்டான். அன்று முதல் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஸ்டேஷன் வாசலில் வடா பாவ் தின்றுவிட்டு வந்து படுத்துக்கொள்வான். (தகப்பனார், மகன் இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

நான் டாக்டர் அல்ல, மெக்கானிக்கல் டிப்ளமாக்காரன். ஆனாலும் நண்பரின் கேள்வி மனதை அரித்தது. தெரிந்த மருத்துவர்களைக் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் பார்த்தேன்.

நம் நாட்டில் அப்படி ஓர் உத்தரவு கிடையாது. 2018 மே 29 முதல் அமலில் உள்ள 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, நோயாளியால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில், இரு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து, அவரை முதலில் 30 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்கலாம். வீடு திரும்பிய பிறகு மருந்து சாப்பிட்டே ஆகவேண்டும் என்று கட்டளையிட யாருக்கும் அதிகாரமில்லை. அந்த வேலை முழுவதும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது.

இங்கிலாந்தில் அந்த உத்தரவு 2008 நவம்பரில் வந்தது. போடுவது கோர்ட்டு அல்ல, மருத்துவர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருபவருக்கு நிபந்தனைகள் விதிப்பார்கள். மீறினால் திரும்ப அழைத்து 72 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். வீட்டுக்கே வந்து பிடித்து ஊசி போடுவது அங்கும் இல்லை.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் கோர்ட்டு உத்தரவுதான். அதன் கதை ரயில்வேக்காரனான என்னை உலுக்கிவிட்டது. 1999 ஜனவரியில் கெண்ட்ரா வெப்டேல் என்ற இளம்பெண்ணை, மனநோயுள்ள ஒருவர் ஓடிவரும் சுரங்க ரயில் முன் தள்ளிவிட்டார். அதே வருடம் அந்தப் பெண்ணின் பெயரிலேயே சட்டம் வந்தது. மருந்தை மறுப்பவர்களுக்கான சட்டம் அது. ஆனால் தள்ளியவரோ, தானாகவே பலமுறை ஆஸ்பத்திரிப் படியேறி, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு, ஒவ்வொரு முறையும் சில நாட்களில் வெளியே அனுப்பப்பட்டவர்! கேட்டவருக்குக் கிடைக்காததை, கேட்காதவருக்குக் கட்டாயமாக்கினார்கள்.

சரி, பலன் உண்டா? இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டாம் பர்ன்ஸ் என்ற மனநல மருத்துவர் இதை முறையாகச் சோதித்தார். அவர் முதலில் இந்த உத்தரவை ஆதரித்தவர். 333 நோயாளிகளைக் குலுக்கல்போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை இந்த உத்தரவின் கீழும், மற்றதைப் பழைய முறைப்படி குறுகிய விடுப்பிலும் அனுப்பினார்கள். முதல் பிரிவில் கட்டாயம் நடுத்தரமாக 183 நாள் நீடித்தது, இரண்டாவதில் 8 நாள்தான். ஒரு வருடத்தில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டு பிரிவிலும் 36 சதவீதம். 2013-ல் முடிவு வெளியானபோது பர்ன்ஸ் தம் கருத்தையே மாற்றிக்கொண்டார். கட்டாயம் மிக அவசியம் என்று மருத்துவர்கள் கருதியவர்கள் இந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டிருக்க மாட்டார்கள் என்று ஆட்சேபிப்பவர்களும் உண்டு. அதையும் ஒதுக்கிவிட முடியாது.

நியூயார்க்கிலோ பலன் தெரிந்தது என்கிறார்கள். ஆனால் அங்கே உத்தரவோடு கூடவே பணமும் ஆட்களும் வந்தன. எங்கள் பிரிவில் ஒரு பெட்டியின் அச்சு சூடேறினால் பேரிங்கை மாற்றுவோம், கிரீஸையும் மாற்றுவோம், சூடு போய்விடும். எதனால் போயிற்று என்று மேலதிகாரி கேட்டால் முழிப்போம். நியூயார்க் கதையும் அதேதான். வட கரோலினா மாநிலத்தில் செய்த சோதனையிலும், உத்தரவோடு அடிக்கடி நேரடிக் கவனிப்பும் சேர்ந்து கிடைத்தவர்களிடம்தான் மாற்றம் தெரிந்தது.

கவனிப்பை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? அதற்கான சோதனை நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. காஞ்சிபுரம் பகுதி, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் 282 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் ஒரு வருடம் வீடு தேடிச் சென்று உதவினார்கள். டாக்டரை மட்டும் பார்த்து வந்தவர்களைவிட இவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள், அன்றாட வேலைகளில் இருந்த தடுமாற்றமும் ஓரளவு குறைந்தது. பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. பலன் தெரிந்ததும் பெரும்பாலும் காஞ்சிபுரம் பக்கம்தான். ஆனால் யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை மறக்காதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னபோது அவர் மகிழ்ந்துவிடவில்லை. "அதெல்லாம் சரி அண்ணாச்சி, ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் கத்தும்போது யாரு வருவா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு ஒரு மருத்துவமனையின் சமூகப் பணியாளரான மராத்தியப் பெண்மணி அவர்கள் வீட்டுக்கு வர ஒப்புக்கொண்டார். முதல் நான்கு வாரம் பையன் அறைக் கதவைத் திறக்கவில்லை. ஐந்தாம் வாரம் கிரிக்கெட் பற்றிப் பேசினான். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த மாத்திரையைப் போட்டால் எச்சில் ஒழுகுகிறது, பகல் பன்னிரண்டு வரை தூக்கம் கலைவதில்லை, அதனால்தான் நிறுத்தினானாம். பத்து வருடத்தில் இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. டாக்டர் மருந்தை மாற்றினார்.

இப்போது மாதம் ஒருமுறை ஊசிக்கு அவனே போகிறான். தகப்பனார் கேட் வரை கூடப்போய் டீக்கடையில் காத்திருப்பார். போன மாதம் ஒரு தேதி தவறியது. மறுநாள் அவனே அந்தப் பெண்மணிக்குப் போன் செய்தானாம். வீட்டிலும் சாப்பிடத் தொடங்கிவிட்டான். காப்பியை மட்டும் இன்னும் தானேதான் போட்டுக்கொள்கிறான்.