ஐயாவின் தலைக்குள் ஒரு களஞ்சியம்

வலிகாமத்தில் ஒரு வைத்தியசாலை. காலை ஒன்பதரை. விடுதியிலிருந்து வந்த தாதி, மருந்துக் களஞ்சிய வாசலில் கோரிக்கைத் துண்டை நீட்டுகிறார். பதினான்கு பொருட்கள். பொறுப்பாளர் கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

"தங்கச்சி, கான்யுலா மூண்டாவது இறாக்கையில, கீழ்த்தட்டு. கையுறை ஜன்னலடியில, சேலைன் பெட்டியளுக்குப் பின்னால."

சிற்றூழியர் போகிறார், வருகிறார், மறுபடி போகிறார். துண்டில் எழுதியிருக்கிற வரிசை ஒன்று, பொருள் இருக்கிற வரிசை வேறொன்று. பதினான்கு பொருளுக்கு அந்தச் சிறிய அறையை ஏழெட்டுத் தடவை குறுக்கும் நெடுக்குமாக அளந்துவிட்டார்.

"ஐயா லீவில நிண்டா என்ன செய்வியள்?" என்று சிற்றூழியரிடம் கேட்டேன்.

"போன் எடுப்பினம்" என்றார் பொறுப்பாளர் ஐயா, கொஞ்சம் பெருமையோடு.

பண்டகசாலை வேலையில் பொருள் எடுப்பவரின் நேரத்தில் பாதியளவு நடையிலேயே கரைகிறது என்பது அந்தத் துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. நடையைக் குறைக்கும் வழி எளியது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி. இறாக்கை 3, தட்டு 2, பெட்டி 5 என்றால் 3-2-5. கோரிக்கைத் துண்டையும் அதே ஒழுங்கில் அச்சடித்துவிட்டால், ஒரே சுற்றில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். தினமும் கை போகும் சிரிஞ்ச், பஞ்சு, கையுறை எல்லாம் வாசலோரம், இடுப்பு உயரத்தில். அரை லீற்றர் சேலைன் போத்தல் இருபது கொண்ட பெட்டி பத்துக் கிலோவைத் தாண்டும். அது கீழே இருக்கட்டும்.

அகரவரிசையில் அடுக்கினால் போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் பொறி. டோபமினும் டோபியூட்டமினும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டும் இதயத்தோடு தொடர்புடைய ஊசி மருந்துகள், ஆனால் வேலை வேறு வேறு. அவசரத்தில் கை மாறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெயர் ஒத்தவை, குப்பி ஒத்தவை பிரிந்துதான் இருக்க வேண்டும். செறிந்த பொட்டாசியம் குளோரைட்டுக்கு எச்சரிக்கை ஒட்டிய தனி இடம் வேண்டும்.

காலாவதி விடயத்துக்குப் பெரிய பாடம் தேவையில்லை. வலிகாமத்திலேயே இருக்கிற மயிலிட்டித் துறைமுகத்துக்கு ஒருக்கால் போய்வந்தால் போதும். நேற்றைய மீனை அடியில் விட்டு, இன்றைய மீனை மேலே கொட்டி வியாபாரம் செய்கிறவர் அங்கே யாரும் இல்லை. களஞ்சியத்திலோ புதிதாக வந்த பெட்டியை முன்னால் தள்ளுகிறோம், பழையது சுவரோடு ஒட்டிக் கிடந்து நாள் முடிகிறது. முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும் என்றால், பிந்திக் காலாவதியாவதைப் பின்பக்கத்தால் வைக்க வேண்டும். மீனுக்கும் இன்சுலினுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மீனை ஐசுக்குள் புதைக்கலாம். இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். உறைந்தால் அதைக் கொட்டத்தான் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் பின்சுவரோடு அதை நெருக்கி வைப்பது அதனால்தான் பிழை.

ஜப்பானியக் கார்த் தொழிற்சாலைகளின் சிந்தனையிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்த 'இரண்டு பெட்டி' முறையும் நல்லது. முன்பெட்டி காலியானதும் பின்பெட்டி முன்னால் வரும். காலிப் பெட்டிதான் அடுத்த கோரிக்கை. யாரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

'முதலில் மருந்தைத் தாருங்கள், இறாக்கையைப் பிறகு பார்ப்போம்' என்பவர்களும் உண்டு. 2022இன் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டவர்கள் அப்படிச் சொல்வது நியாயம்தான். கணினி வந்தால் சரியாகிவிடும் என்பது இன்னொரு கட்சி. பொருள் எங்கே இருக்கிறது என்று யாராவது பதிந்தால்தானே கணினிக்கும் தெரியும்?

என்னை உறுத்துவது வேறு. ஐயா அடுத்த வருடம் ஓய்வுபெறுகிறார். அந்த அறையின் வரைபடம் கடதாசியில் இல்லை. அவர் தலைக்குள் இருக்கிறது.

ஆளோடு போகும் அறிவு என்ன செய்யும் என்று மயிலிட்டிக்குத் தெரியும். 1990 யூனில் போர் துரத்த, சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியது. ஊரில் இருந்த காசநோய் வைத்தியசாலையும் அதோடு போயிற்று. மாதக்கணக்கில் விடாமல் விழுங்க வேண்டிய மாத்திரை அந்த நோய்க்கு. இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்க மறுக்கும். அப்படிப்பட்ட மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்பது சின்ன விடயமா?

2017 யூலையில் துறைமுகமும் சுற்றுப்புறமும் இராணுவத்திடமிருந்து விடுபட்டபோது 27 வருடம் கழிந்திருந்தது. வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, வீடு நின்ற இடத்தில் பற்றை. யாருடைய வளவு எங்கே முடிகிறது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் பலர் அகதி வாழ்விலேயே கண்மூடிவிட்டார்கள். தூர்ந்துபோன கிணறுதான் சிலருக்கு அடையாளம். அதுவும் இல்லாதவர்கள் தங்கள் காணிக்குள் நின்றுகொண்டே காணியைத் தேடினார்கள்.

மருந்து அறையில் அப்படித் தேடும்போது விடுதிக் கட்டிலில் ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பார்.

விடைபெறும்போது ஐயாவிடம் சொன்னேன்: "ஒரு மார்க்கரும் ஒரு சுருள் ஸ்டிக்கரும் போதும் ஐயா. ரெண்டு நாளில இலக்கம் ஒட்டிப்போடலாம்."

சிரித்தார். "என்னத்துக்கு? நான் இருக்கிறன்தானே."

1990 யூன் வரை மயிலிட்டியிலும் எல்லோரும் இருந்தார்கள்தானே.