சிக்னல் இல்லாத இடத்திலும் உதவும் செயலிகள்

மாதேஸ்வரன் மலையில் தரிசனம் முடித்து, பாலாறு, மேட்டூர் வழியே சேலம் சென்று சொந்த ஊருக்கு ரயிலேறும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. காட்டு வழியில் சிக்னல் விட்டுப்போனதும், கைப்பேசியில் ஒரு செயலி வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். இன்னொன்றோ கேட்டதை உடனே காட்டும். இந்த வேறுபாடு ஏன்?

பெண்ணைத் தனிக்குடித்தனம் வைக்கும் தாய், அரிசி, பருப்பு, புளி, உப்பு எல்லாவற்றையும் டப்பாக்களில் நிரப்பிவிட்டுத்தான் ஊர் திரும்புவாள். அன்று கடை மூடியிருந்தாலும் சமையல் நிற்காது. சில செயலிகளும் அவ்வாறே அமைக்கப்படுகின்றன. அடிப்படைத் தகவல்கள் ஒரு கோப்பாகச் செயலியுடனேயே வருகின்றன. முதன்முறை திறக்கும்போது அவை கைப்பேசியில் பதிந்துவிடும். பிறகு அவற்றைப் படிக்க இணையம் தேவையில்லை. இவ்வாறு சேமிக்கப் பெரிதும் பயன்படுவது ‘எஸ்கியூலைட்’ என்னும் மென்பொருள். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் உருவாக்கிய இது, ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உள்ளது.

நமக்குப் பழக்கமான சான்று ‘வேர் ஈஸ் மை டிரெயின்’ செயலி. பெங்களூரின் சிக்மாய்டு லேப்ஸ் உருவாக்கிய இதை, 2018-இல் கூகுள் வாங்கியது. ரயில் கால அட்டவணை கைப்பேசியிலேயே இருப்பதால், சேலம் வண்டியின் நேரத்தை மலைப்பாதையிலும் பார்க்கலாம். ஆனால் அந்த வண்டி இன்று தாமதமா என்பதை அட்டவணை சொல்லாது. அதற்கு இணையம் வேண்டும்.

இம்முறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நிரப்பிய பண்டம் பழையதாகும். மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் 1997-இல் பிரிந்தது. மாதேஸ்வரன் மலை இன்று அம்மாவட்டத்தில் உள்ளது. பழைய பட்டியலோ இன்னும் மைசூர் என்றே காட்டும். ஆகவே புதுப்பித்தல் அவசியம்.

இரண்டாவது, டப்பாக்களை மீண்டும் நிரப்ப வரும் தாய், மகள் போட்டுவைத்த ஊறுகாயைக் கொட்டிவிடக் கூடாதல்லவா? அதுபோலப் புதிய தகவல் வரும்போது, நாம் எழுதிவைத்த குறிப்புகள் அழியக் கூடாது. செயலி தரும் தகவலையும் பயனர் எழுதுவதையும் தனித்தனியே வைப்பதே இதற்கு வழி. செயலி அமைக்கும் நம் இளைஞர்கள் இதை நினைவில் கொள்வது நலம்.

பயணம் புறப்படுமுன், வீட்டிலேயே கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, தேவையான செயலிகளைத் திறந்து பாருங்கள். வழித்தடம், மருத்துவமனையின் தொலைபேசி எண், ரயில் நேரம் ஆகியவை அப்போதும் தெரிந்தால் கவலையில்லை. தெரியாதவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தாளுக்குச் சிக்னல் வேண்டாம்!