அம்பாசிடரும் பத்மினியும்

விடுதலைக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இந்தியாவில் மகிழுந்து வாங்க விரும்பியோர்க்கு இருந்த வாய்ப்புகள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானவை அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஆகும்.

தோற்றம்

இவ்விரண்டும் அயல்நாட்டு வடிவங்களின் வழிவந்தவை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மகிழுந்தை அடிப்படையாகக் கொண்டது அம்பாசிடர். இதனை இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கியது. மும்பையின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், இத்தாலியின் ஃபியட் 1100 டிலைட் வண்டியை 1964 முதல் உருவாக்கியது. அதுவே 1970களில் பத்மினி எனப் பெயர் பெற்றது.

அமைப்பும் பயனும்

அம்பாசிடர் நெடுங்காலம் 1489 கன செ.மீ. எஞ்சினைக் கொண்டிருந்தது, பத்மினியின் எஞ்சின் 1089 கன செ.மீ. அளவினது. அகன்ற இருக்கைகளும் உறுதியான உடலும் கொண்ட அம்பாசிடர், பெரிய குடும்பத்திற்கும் குண்டும் குழியுமான ஊர்ப்புறச் சாலைக்கும் ஏற்றதாயிற்று. அரசு அலுவலர்களின் ஊர்தியாகவும் விளங்கியது. உருவிலும் எடையிலும் சிறிய பத்மினி, நெரிசல் மிக்க நகரத் தெருக்களில் எளிதாகத் திரும்பியது. எனவேதான் மும்பையின் கறுப்பு மஞ்சள் வாடகை வண்டியாக அது நிலைபெற்றது. கொல்கத்தாவின் மஞ்சள் வாடகை வண்டியோ அம்பாசிடர். இரண்டும் எளிய இயந்திர அமைப்பு உடையவை. சிற்றூர்ப் பட்டறையிலும் பழுது நீக்க இயன்றது.

தேக்கம்

உற்பத்திக்கு அரசின் உரிமம் தேவைப்பட்டது. இறக்குமதிக்கும் கடும் கட்டுப்பாடு இருந்தது. முன்பணம் கட்டியோர் வண்டிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். வாங்குவோர் காத்திருக்கும்போது விற்போர்க்கு மாற்றம் செய்யும் தேவை எழுவதில்லை. ஆகவே இரு வண்டிகளின் அடிப்படை வடிவமும் பல்லாண்டுகள் பெரிதும் மாறவில்லை.

1983 திசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. 796 கன செ.மீ. எஞ்சினுடன் குறைந்த எரிபொருளில் ஓடிய அச்சிறு வண்டியை மக்கள் விரும்பி வாங்கினர். 1990களின் பொருளாதாரத் தாராளமயம் போட்டியை மேலும் பெருக்கியது. பத்மினியின் உற்பத்தி 2000ஆம் ஆண்டையொட்டி முடிவுற்றது. அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றது. மும்பையில் எஞ்சியிருந்த பத்மினி வாடகை வண்டிகளும், இருபது ஆண்டு வயது வரம்பினால் 2023இல் விடைபெற்றன.

மண்ணுக்கும் மக்களுக்கும் பொருந்தியமையால் இவ்விரு மகிழுந்துகளும் நெடுநாள் வாழ்ந்தன. காலத்தோடு பொருந்த மறந்தமையால் வீழ்ந்தன. உழைப்பால் பெற்ற நற்பெயரையும் புதுமையால் காத்தல் வேண்டும் என்பதே அவற்றின் வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம்.