மகள் கேட்டால் அதட்டாதீர்கள்

இந்த வடநாட்டு நகரில் மகளிர் மருத்துவராகப் பணிபுரிகிறேன். வயதுக்கு வந்த நம் தமிழ்ப் பெண்களில் சிலர், வெகுநாள் மனதுக்குள் புழுங்கிய பிறகே என்னிடம் கேட்கிறார்கள்: "டாக்டர், எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது?" ஊரிலென்றால் அத்தை, சித்தி என்று கேட்க ஆளுண்டு. இங்கே அம்மா ஒருவர்தான்.

பெண்ணுறுப்பின் உள் இதழ்கள் வெளி இதழ்களைத் தாண்டி நீண்டிருக்கலாம். ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கலாம். ஓரம் சுருங்கியோ கறுத்தோ இருக்கலாம். எல்லாம் இயல்பே. பருவமடையும்போது ஹார்மோன்களால் அவை வளரும், நிறமும் மாறும். 2005-இல் லண்டனில் 50 பெண்களை அளந்து வெளியிட்ட ஆய்வில், உள் இதழின் அகலம் 7 மில்லிமீட்டர் முதல் 50 மில்லிமீட்டர் வரை இருந்தது. ஏழு மடங்கு வித்தியாசம்!

எனவே தோற்றத்துக்காக அறுவை சிகிச்சையோ, வெளுக்க வைக்கும் களிம்போ வேண்டாம். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினாலே போதும். தீராத அரிப்பு, வலி, புண், கட்டி, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாய்மார்களே, மகள் கேட்டால் "சீ, என்ன பேச்சு இது?" என்று வாயை அடைக்காதீர்கள். "முகம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதுபோல் இதுவும் வேறுபடும்" என்று சொல்லுங்கள். பெண்ணின் பாதிக் கவலை அங்கேயே தீரும்.