குளிரும் ஒரு பகையே

பனிமலையில் போரிடும் மறவனுக்குப் பகை இரண்டு. துப்பாக்கி ஏந்தி எதிரே நிற்கும் மாற்றான் ஒரு பகை. ஓசையின்றி உடலைக் கவ்வும் குளிர் மற்றொரு பகை. முன்னதை வெல்லப் படைக்கலம் உண்டு. பின்னதை வெல்லப் பயிற்சியே துணை.

அப்பயிற்சியின் முதற்பாடங்களுள் ஒன்று, வியர்க்காமல் நடத்தல். கடுங்குளிரில் விரைந்து ஏறினால் உடல் வியர்க்கும். நின்றவுடன் நனைந்த உடை உடற்சூட்டை உறிஞ்சிவிடும். ஆதலின் ஏறும்போது ஆடையைக் குறைத்தலும் நிற்கும்போது மிகுத்தலும் பழக்கமாதல் வேண்டும். சுமையோடு பனிச்சறுக்குதல், பனியைக் குடைந்து உறைவிடம் அமைத்தல், கைகால் விரல்களைப் பனிக்கடியினின்று காத்தல் ஆகியனவும் கற்கத்தக்கன.

இக்கல்வியின் பயனை நார்வே நாட்டு வரலாறு காட்டுகிறது. 1940-இல் அந்நாட்டைக் கைப்பற்றிய ஜெர்மானியர், வேமோர்க் ஆலையின் கனநீரை அணு ஆய்வுக்குப் பயன்படுத்தினர். அதனை அழிக்க, ஸ்காட்லாந்து மலைகளில் பயின்ற ‘லிங்கே அணி’யினர் முன்வந்தனர்.

1942 அக்டோபரில் நால்வர் ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் வான்குடை வழி இறங்கினர். நவம்பர் 19-இல் அவர்கட்குத் துணையாகப் பிரித்தானிய வீரரை ஏற்றிவந்த பொறியில்லா வானூர்திகள் இரண்டும் விழுந்து நொறுங்கின. அம்முயற்சியில் 41 பேர் மாண்டனர். விபத்தில் தப்பியோரையும் ஜெர்மானியர் கொன்றனர். தனித்து நின்ற நால்வரும் கற்பாசியை உண்டு உயிர் காத்தனர். கிறித்துமசுக்குச் சற்று முன் பனிமான் ஒன்று கிட்டியது. அதன் இரைப்பையில் அரைகுறையாகச் செரித்திருந்த பாசியையும் அவர்கள் வீணாக்கவில்லை.

1943 பிப்ரவரி 16-இல் மேலும் அறுவர் இறங்கினர். தலைவர் யோவாக்கிம் ரோன்னெபெர்க்குக்கு வயது 23. பனிப்புயலில் சில நாள் ஒரு குடிலில் அடைபட்ட பின்னரே அவர்கள் நால்வரையும் அடைந்தனர்.

ஆலைக்குச் செல்லும் பாலத்தில் காவல் இருந்தது. ஆழ்ந்த பள்ளத்தாக்கை எவரும் கடவார் என எண்ணி, ஜெர்மானியர் அதனைக் காவாது விட்டனர். பிப்ரவரி 27 இரவில் ஒன்பதின்மர் அதனுள் இறங்கி, உறைந்தும் உறையாமலும் இருந்த ஆற்றைக் கடந்து, மறுபுறம் ஏறினர். கனநீர்க் கலங்கள் 18-உம் வெடித்தன. ஏறத்தாழ 500 கிலோ கனநீர் பாழாயிற்று. ஒரு குண்டும் சுடப்படவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. ஐவர் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பனிச்சறுக்கிச் சுவீடனை அடைந்தனர்.

எனினும் ஆலை மீண்டும் இயங்கிற்று. 1944 பிப்ரவரி 20-இல், ஜெர்மனிக்குக் கனநீர் கொண்டுசென்ற பயணப் படகை நார்வே வீரர் ஏரியில் மூழ்கடித்தனர். இம்முறை 18 பேர் இறந்தனர். அவருள் 14 பேர் நார்வே மக்களே. முன்னைய இரவில் காவலற்ற பள்ளத்தாக்கின் வழியே செல்ல முடிந்தமையால் உயிர்கள் தப்பின. ஏரியில் அத்தகைய வழி இல்லை. பிறர் செல்ல அஞ்சும் வழியைத் தன் வழியாக்கித் தருவதே மலைப்போர்ப் பயிற்சியின் உண்மைப் பயன்.